தொடக்கத் திரையிலேயே நின்றுபோன கட்டட வரைபட மென்பொருள்: ஒரு பழுதுபார்ப்புப் பதிவு

கட்டடக்கலை அலுவலகம் ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே ஒரு மடிக்கணினியில் வரைபட மென்பொருளைத் திறந்தால் தொடக்கத் திரை வரும், அதன் அடியில் எதையெதையோ ஏற்றுவதாக வரிகள் ஓடும், ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் சாளரம் வெளுத்து, தலைப்பில் 'பதிலளிக்கவில்லை' என்று விழும். மூடிவிட்டுத் திறந்தாலும் அதே கதை, கணினியை அணைத்துப் போட்டாலும் அதே கதை. பிரவுசர், மெயில், எக்செல் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. இது ஒன்றுதான் அடம்பிடிக்கிறது. மென்பொருளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பழுது அதில் இல்லை என்பது போகப்போகத் தெரியும். சுவரும் கதவும் வரையும் எந்த மென்பொருளுக்கும் கீழே உள்ள வழி பொருந்தும்.

இந்த மாதிரி நேரத்தில் எல்லோர் வாயிலும் முதலில் வருவது 'ரீஇன்ஸ்டால் பண்ணிடுங்க' என்பதுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. பல ஜிபி இறக்க வேண்டும், பாதி நாள் போகும் என்பது ஒரு பக்கம். பெரிய காரணம் வேறு. மென்பொருளை நீக்கும்போது அதன் நிரல் கோப்புகள்தான் போகும். பயனரின் அமைப்புகள் ஆப்டேட்டா கோப்புறையிலும் ரெஜிஸ்ட்ரியிலும் (விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் தரவுத்தளம்) பெரும்பாலும் அப்படியே இருந்துவிடும். கோளாறு அந்த அமைப்புகளில் இருந்தால், புதிதாக நிறுவியதும் அதே கோளாறின் மேல்தான் வந்து உட்காரும். வரைபவர் வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த கருவிப் பலகைகள், பிளாட் ஸ்டைல் (அச்சில் கோடுகள் எப்படி விழ வேண்டும் என்ற அமைப்பு), ஹேட்ச் வடிவங்கள் (பரப்புகளை நிரப்பும் கோட்டு வடிவங்கள்) எல்லாம் தொலைவதற்கும் வாய்ப்பு உண்டு. ஆகவே ரீஇன்ஸ்டாலைக் கடைசிக்குத் தள்ளி வைத்தேன்.

காத்திருக்கிறதா, உழைக்கிறதா

'பதிலளிக்கவில்லை' என்ற வார்த்தையைப் பார்த்ததும் மென்பொருள் செத்துப்போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறோம். விண்டோஸ் சொல்வது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. ஒரு சாளரத்துக்கு வரும் மவுஸ், கீபோர்டு செய்திகளை அந்த மென்பொருள் 5 வினாடி வரை எடுத்துப் பார்க்கவில்லை என்றால், விண்டோஸ் அந்தச் சாளரத்துக்குப் பதிலாக ஒரு போலிச் சாளரத்தை வைத்து, தலைப்பில் இந்த வார்த்தையையும் சேர்த்துவிடும். உள்ளே மென்பொருள் மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கலாம், அல்லது வேறு எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது டாஸ்க் மேனேஜரில் உள்ள சிபியு பத்தி. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 8 லாஜிக்கல் பிராசஸர் (விண்டோஸ் எண்ணிக் காட்டும் கோர்கள்) உள்ள கணினியில் ஒரு கோர் முழு மூச்சாக ஓடினாலும் அங்கே 12 அல்லது 13 சதவீதம் என்றுதான் காட்டும். 16 இருந்தால் வெறும் 6. 'சிபியு சும்மாதான் இருக்கு, 6 சதவீதம்தான்' என்று நினைத்துவிடக் கூடாது, அந்த 6 ஒரு கோரின் முழு உழைப்பாக இருக்கலாம். இந்த மடிக்கணினியில் காட்டியது சுத்தமாக 0. டிஸ்க்கும் 0. மெமரி அசையவில்லை. அப்படியென்றால் மென்பொருள் உழைக்கவில்லை, எதற்கோ காத்திருக்கிறது.

அடுத்து, அதை வலுக்கட்டாயமாக மூடாமல் விட்டுவிட்டு வேறு வேலை பார்த்தேன். பெரும்பாலானோர் ஒரு நிமிடம் பொறுப்பார்கள், பிறகு என்ட் டாஸ்க்தான். விட்டுப் பார்த்ததில், நான்கு நிமிடத்துக்கு மேல் ஆன பிறகு மென்பொருள் ஒன்றுமே நடக்காததுபோல் திறந்துகொண்டது! பிறகு வரைவதில் எந்தச் சிக்கலும் இல்லை. இதைவிடப் பெரிய துப்பு கிடைக்காது. கெட்டுப்போன கோப்பு என்றால் தானாகச் சரியாகாது. கிராபிக்ஸ் டிரைவர் சிக்கல் என்றால் பெரும்பாலும் திறக்கவே திறக்காது, அல்லது பிழைச் செய்தியோடு மூடிக்கொள்ளும். குறிப்பிட்ட நேரம் நின்றுவிட்டுத் தானாக விடுபடுகிறது என்றால், எங்கோ ஒரு காத்திருப்புக் கெடு முடிகிறது என்று அர்த்தம். கெடு வைத்துக் காத்திருப்பது அனேகமாக நெட்வொர்க்தான்.

டாஸ்க் மேனேஜரிலேயே இதை உறுதி செய்ய ஒரு வசதி உண்டு, பலர் கண்ணில் படுவதில்லை. டீடெய்ல்ஸ் பகுதிக்குப் போய், நின்றுபோன மென்பொருளின் மேல் வலது சொடுக்கு செய்தால் 'அனலைஸ் வெயிட் செயின்' என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்தபோது, மென்பொருளின் இழை (த்ரெட், அதற்குள் தனியாக ஓடும் ஒரு வேலை வரிசை) ஒன்று நெட்வொர்க் பரிமாற்றம் முடிவதற்காகக் காத்திருப்பதாக ஒரு வரி வந்தது. எந்த நெட்வொர்க், எந்தக் கோப்பு என்றெல்லாம் அது சொல்லாது. ஆனால் திசை தெரிந்துவிட்டது.

எப்போதிலிருந்து?

வழக்கம்போல விண்டோஸ் அப்டேட் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். அப்டேட்டுக்குப் பிறகுதான் ஆரம்பித்தது என்று மடிக்கணினிக்காரர் உறுதியாகச் சொன்னார். இந்த மாதிரி விஷயத்தில் நம் ஞாபகத்தை நம்புவதைவிட விண்டோஸின் ஞாபகத்தை நம்பலாம். தொடக்கப் பட்டித் தேடலில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால், நாள்வாரியாக ஒரு வரைபடம் வரும். எந்த நாளில் என்ன நிறுவப்பட்டது, எந்த மென்பொருள் எப்போது நின்றுபோனது எல்லாம் அதில் இருக்கும். இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளில் 1002 என்ற எண்ணைத் தேடலாம், அது ஹேங் ஆனதற்கான எண். 1000 என்று இருந்தால் அது க்ராஷ், வேறு வகை நோய்.

வரைபடத்தில் முதல் சிவப்புக் குறி அப்டேட் நாளில் இல்லை. அதற்கு அடுத்த வாரத்தில் இருந்தது. அந்த நாளில் இந்தக் கணினியில் எதுவுமே நிறுவப்படவில்லை. ஆனால் அலுவலகத்தில் ஒன்று நடந்திருந்தது: பழைய கோப்பு சர்வரை அன்றுதான் நிரந்தரமாக அணைத்தார்கள். கோப்புகளை எல்லாம் ஏற்கெனவே புதிய சர்வருக்கு மாற்றியாகிவிட்டது, எல்லோருக்கும் புதிய டிரைவ் எழுத்தும் கொடுத்தாகிவிட்டது. அதனால் யாரும் அந்தப் பக்கம் யோசிக்கவில்லை.

சரி, சந்தேகம் வந்துவிட்டது. நிரூபிக்க வேண்டும்.

முதல் சோதனை, அதே கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கு. செலவில்லாத சோதனை, ஆனால் பிரச்சினையை இரண்டாகப் பிளந்துவிடும். புதிய கணக்கில் மென்பொருள் வழக்கமான நேரத்தில் திறந்தது. கிராபிக்ஸ் டிரைவர், விண்டோஸ், மென்பொருளின் நிரல் கோப்புகள் எல்லாம் கணினிக்குப் பொதுவானவை. அவற்றில் பழுது இருந்தால் புதிய கணக்கிலும் நின்றிருக்கும். பயனருக்குப் பயனர் மாறுபவை சில உண்டு: மென்பொருளின் அமைப்புகள், மேப் செய்த டிரைவ்கள் (சர்வர் கோப்புறைக்கு ஒரு டிரைவ் எழுத்துக் கொடுத்து வைத்தவை), நெட்வொர்க் பிரின்டர் இணைப்புகள். கோளாறு இந்த மூன்றுக்குள்தான். ரீஇன்ஸ்டால் செய்திருந்தால் பாதி நாள் வீண் என்பதும் இங்கேயே உறுதியானது.

இடையில் அலுவலகத்தின் இளைய வரைபடக்காரர் ஒருவர் வந்து, "அண்ணா, வலது சொடுக்கு பண்ணி அட்மினா ஓட்டுனா சீக்கிரம் ஓப்பன் ஆகுதே, பெர்மிஷன் பிரச்சினையா இருக்குமோ?" என்றார். செய்து பார்த்தேன். உண்மைதான், நிற்கிற நேரம் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் காரணம் பெர்மிஷன் இல்லை. விண்டோஸில் ஒருவர் சாதாரணமாக மேப் செய்த டிரைவ், அதே ஆள் நிர்வாகியாக ஓட்டும் மென்பொருளின் கண்ணுக்குத் தெரியாது. யுஏசி, அதாவது நிர்வாகி அனுமதியைக் கேட்கும் விண்டோஸின் பாதுகாப்பு, இரண்டு அமர்வுகளையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஆக, நிர்வாகியாக ஓட்டும்போது அந்த டிரைவ் எழுத்தே இல்லை. இல்லாத டிரைவைக் கேட்டால் விண்டோஸ் உடனே 'இல்லை' என்று சொல்லிவிடும், காத்திருக்க வேண்டியதில்லை. இது தெரியாமல் பலர் ஐகானிலேயே 'எப்போதும் நிர்வாகியாக ஓட்டு' என்று டிக் செய்துவிட்டு வேலை முடிந்ததாக விட்டுவிடுகிறார்கள். அப்புறம் புதிய சர்வரின் டிரைவும் தெரியவில்லை என்று தனிப் புகார் வரும்.

பாதிக்கு மேல் குறைந்தது, முழுதாகப் போகவில்லை என்பதையும் குறித்துக்கொண்டேன். மீதிக்கு வேறொரு காரணம் இருக்க வேண்டும்.

இரண்டாவது சோதனை இன்னும் சுலபம்: லேன் கேபிளைப் பிடுங்கிவிட்டு, வைஃபையையும் அணைத்துவிட்டுத் திறப்பது. மளமளவென்று திறந்தது. நெட்வொர்க்கே இல்லாதபோது வேகமாகவும், நெட்வொர்க் இருக்கும்போது மெதுவாகவும் திறப்பது விசித்திரமாகத் தோன்றலாம். விஷயம் இதுதான். நெட்வொர்க் இல்லையென்றால், 'போக வழியே இல்லை' என்று அந்த நொடியிலேயே விண்டோஸ் கைவிரித்துவிடும். நெட்வொர்க் இருந்து, எதிர்முனையில் மட்டும் யாரும் இல்லையென்றால், காலி செய்துபோன வீட்டின் கதவைத் தட்டிவிட்டு நிற்பதுபோல நிற்கும். இங்கே பழைய சர்வரின் பெயருக்கான பதிவு டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு முகவரி தேடித் தரும் சேவை) இன்னும் இருந்தது, முகவரியும் கிடைத்தது, அந்த முகவரியில்தான் யாருமில்லை. லைசென்ஸை நெட்வொர்க் சர்வரிலிருந்து எடுக்கும் அலுவலகங்களில் இந்தச் சோதனை செல்லாது, நெட்வொர்க் இல்லாமல் மென்பொருள் திறக்காது. இங்கே தனிநபர் லைசென்ஸ், சில நாள் இணையம் இல்லாமலும் தாங்கும்.

பிராசஸ் மானிட்டரில் தேடியது

எந்தக் கோப்புக்காக நிற்கிறது என்று பெயரோடு தெரிந்துகொள்ள நான் எப்போதும் நாடுவது பிராசஸ் மானிட்டர். மார்க் ருஸ்ஸினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996-இல் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் கருவித் தொகுப்பில் ஒன்று. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அந்தத் தொகுப்பை வாங்கிக்கொண்டது. இன்றும் இலவசம், நிறுவ வேண்டியதில்லை, இறக்கி நேரடியாக ஓட்டலாம். ஒரு மென்பொருள் தொடும் ஒவ்வொரு கோப்பையும் ரெஜிஸ்ட்ரிச் சாவியையும் வரி வரியாக எழுதிக் காட்டும்.

முதல்முறை பார்ப்பவர்கள் மிரண்டுபோவார்கள். சில நொடிகளில் லட்சக்கணக்கான வரிகள் குவியும். முதலில் ஃபில்டரில் மென்பொருளின் பெயரை மட்டும் கொடுத்து, 'டிராப் ஃபில்டர்டு ஈவென்ட்ஸ்' என்பதையும் டிக் செய்துவிட வேண்டும். இல்லையென்றால் வேண்டாத வரிகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு மெமரியைத் தின்றுவிடும். அப்புறம், 'நேம் நாட் ஃபவுண்ட்', 'பாத் நாட் ஃபவுண்ட்' என்று ஆயிரக்கணக்கில் வரும் வரிகளைக் கண்டு பதற வேண்டாம். ஒரு கோப்பைப் பத்து இடத்தில் தேடி பதினோராவது இடத்தில் எடுப்பது எல்லா மென்பொருளுக்கும் இயல்பு. நமக்கு வேண்டியது நேரம். பத்திகளின் தலைப்பில் வலது சொடுக்கு செய்து டியூரேஷன் என்ற பத்தியைச் சேர்த்துக்கொண்டு, ஃபில்டரில் 'டியூரேஷன் 1-ஐவிட அதிகம்' என்று கொடுத்தேன். லட்சம் வரிகள் ஒரே திரையில் அடங்கிவிட்டன.

அடங்கியவற்றில் ஏறக்குறைய எல்லாமே ஒரே மாதிரி. பழைய சர்வரைச் சுட்டிய இசட் டிரைவில் பிளாக் நூலகம் (திரும்பத் திரும்பப் பயன்படும் வரைபடத் துண்டுகள்), அதே டிரைவில் எழுத்துரு கோப்புறை, ஹேட்ச் கோப்புறை, டெம்ப்ளேட் கோப்புறை. நடுநடுவே சில வரிகளில் டிரைவ் எழுத்து இல்லாமல் சர்வரின் பெயரோடேயே பாதை. எல்லாவற்றுக்கும் முடிவுப் பத்தியில் 'பேட் நெட்வொர்க் பாத்'. டியூரேஷன் பத்தியில் 20-ஐ ஒட்டிய எண்கள். 21 வினாடி என்பது விண்டோஸின் பழைய கணக்கு: இணைப்புக் கோரிக்கையை அனுப்பி 3 வினாடி பார்க்கும், பதில் இல்லையென்றால் மறுபடி அனுப்பி 6 வினாடி, மறுபடி அனுப்பி 12 வினாடி. மொத்தம் 21. அதற்கப்புறம்தான் கைவிடும். இப்படி ஒரு டஜன் கோப்புறைகளைக் கேட்டால் நான்கு நிமிடத்தைத் தாண்டிவிடும். தானாகத் திறந்துகொள்ள எடுத்த நேரத்தோடு இது ஒத்துப்போனது.

இதில் மென்பொருளின் குற்றம் என்று பார்த்தால் ஒன்று மட்டும் சொல்லலாம். இந்தத் தேடலை எல்லாம் சாளரத்தைக் கவனிக்கிற அதே இழையில் செய்கிறது. வேறு இழையில் செய்துவிட்டு, 'இந்தக் கோப்புறை கிடைக்கவில்லை' என்று ஒரு வரி காட்டியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் வரைபட மென்பொருள்கள் பலவற்றின் அடித்தளம் பல பத்தாண்டுகள் பழையது. நெட்வொர்க் டிரைவ் எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது.

பாதைகளை மாற்ற மென்பொருளின் ஆப்ஷன்ஸ் பெட்டிக்குப் போக வேண்டும், போக மென்பொருள் திறக்க வேண்டும். நெட்வொர்க்கை அணைத்துவிட்டுத் திறந்தால் போதும். உள்ளே போய் சப்போர்ட் கோப்புகளைத் தேடும் பாதைப் பட்டியலில் பழைய சர்வரைச் சுட்டும் எல்லாவற்றையும் தூக்கினேன். டெம்ப்ளேட் இடம், பிளாட் ஸ்டைல் இடம், மெட்டீரியல் நூலகம், ஆட்டோசேவ் இடம் இவை ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டிகளில் ஒளிந்திருக்கும், எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டும். தொடக்கத்தில் தானாக ஏற்றப்படும் செருகுநிரல்களின் பட்டியலிலும் ஒன்று பழைய பாதையில் இருந்தது. எளிதில் கோட்டை விடக்கூடியது சமீபத்திய கோப்புகளின் பட்டியல். தொடக்கப் பக்கத்தில் அந்த வரைபடங்களின் சிறுபடங்களைக் காட்டுவதற்காக மென்பொருள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கும். அங்கே பழைய சர்வரின் கோப்பு ஒன்று இருந்தாலும் இன்னொரு 21 வினாடி. அந்தப் பட்டியலைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டேன். கடைசியாக, பழைய இசட் டிரைவையே துண்டித்துவிட்டேன். பாதை எங்காவது விட்டுப்போயிருந்தாலும் இனி 'இல்லை' என்ற பதில் உடனே வரும்.

வீட்டிலிருந்து விபிஎன் வழியாக வேலை செய்பவர்களுக்கும் இதே தொல்லை வரும். அலுவலகத்தில் வேகமாகத் திறக்கிறது, வீட்டில் நிற்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பாதைகளைத்தான்.

மிச்சமிருந்த நிறுத்தம்

நெட்வொர்க்கை மறுபடி இணைத்துத் திறந்தேன். நான்கு நிமிடம் இப்போது ஒரு நிமிடத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் தொடக்கத் திரை முடிந்து, காலி வரைபடம் வரும் இடத்தில் இன்னும் ஒரு நிறுத்தம் இருந்தது. பிராசஸ் மானிட்டரில் இந்த நேரத்தில் மென்பொருள் எந்தக் கோப்பையும் தொடவில்லை. வரிகளுக்கு நடுவே வெறும் இடைவெளி. தானே எதையும் தேடாமல் வேறு யாரிடமோ வேலையைக் கொடுத்துவிட்டு அவர் பதிலுக்காக நிற்கிறது என்பதன் அடையாளம் இது.

இங்கே உதவியது அதே தொகுப்பில் உள்ள பிராசஸ் எக்ஸ்ப்ளோரர். நின்றிருக்கும்போதே மென்பொருளின் பெயரை இருமுறை சொடுக்கி, த்ரெட்ஸ் பகுதியில் முதன்மை இழையைத் தேர்ந்து, ஸ்டேக் பொத்தானை அழுத்தினால், அந்த இழை இப்போது எந்த நிரல் துண்டுக்குள் மாட்டியிருக்கிறது என்று அடுக்கடுக்காகக் காட்டும். நிரலாளராக இருக்க வேண்டியதில்லை, பெயர்களை மேலிருந்து கீழாகப் படித்தாலே பாதி புரியும். மேலே விண்டோஸ் கர்னலின் காத்திருப்பு வரிகள். அதன் கீழே ஆர்பிசி, அதாவது வேறொரு சேவையிடம் கேள்வி கேட்கும் பகுதி. அதற்குக் கீழே வின்ஸ்பூல், அச்சிடுவதற்கான விண்டோஸின் பகுதி. அதற்கும் கீழே மென்பொருளின் சொந்தக் கோப்பு. மென்பொருள் வின்ஸ்பூலைக் கூப்பிட்டிருக்கிறது, அது ஸ்பூலர் (அச்சு வேலைகளைக் கவனிக்கும்) சேவையிடம் கேட்டிருக்கிறது, ஸ்பூலர் பதில் சொல்லவில்லை. ஆக, பிரின்டர்!

வரைபட மென்பொருளுக்குத் திறக்கும்போதே பிரின்டர் எதற்கு என்று கேட்கலாம். ஒவ்வொரு தாள் அமைப்புக்கும் என்னென்ன தாள் அளவுகள் உண்டு, ஓரத்தில் எவ்வளவு அச்சிட முடியாது என்பதை எல்லாம் அது பிரின்டரிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறது. இந்த மடிக்கணினியின் டீஃபால்ட் பிரின்டர் எது என்று பார்த்தால், பழைய சர்வர் வழியாகப் பகிரப்பட்ட பெரிய பிளாட்டர் (பெரிய தாளில் வரைபடம் அச்சிடும் கருவி). சர்வரோடு அந்த வரிசையும் போய்விட்டது. நிர்வாகியாக ஓட்டியபோது கொஞ்சம் நிறுத்தம் மீதமிருந்ததற்கும் விடை கிடைத்தது: டிரைவ் எழுத்து மறைந்தாலும் பிரின்டர் இணைப்பு அதே பயனருடையதுதான், மறையாது. சர்வர் பெயரோடு இருந்த பாதைகளும் மறையாது.

டீஃபால்ட் பிரின்டரை மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்-க்கு மாற்றியதும் அந்த நிறுத்தமும் போயே போய்விட்டது. இதோடு இன்னொன்றையும் செய்ய வேண்டும். விண்டோஸ் 10, 11-இல் 'என் டீஃபால்ட் பிரின்டரை விண்டோஸே நிர்வகிக்கட்டும்' என்று ஓர் அமைப்பு உண்டு. அது இயக்கத்தில் இருந்தால் கடைசியாக எதில் அச்சிட்டோமோ அதுவே டீஃபால்ட் ஆகிவிடும். இன்றைக்குச் சரிசெய்துவிட்டுப் போனால் அடுத்த வாரம் வேறு பிரின்டர் வந்து உட்கார்ந்திருக்கும். அதை அணைத்து வைத்தேன்.

செத்துப்போன பிளாட்டரைப் பட்டியலிலிருந்து நீக்குவது தனி வேலையானது. நீக்கு என்றால் 'நீக்கப்படுகிறது' என்று சொல்லிக்கொண்டே நிற்கிறது. அதுவும் பழைய சர்வரிடம் கேட்டுவிட்டுத்தான் நீக்குமாம். ஸ்பூலர் சேவையை நிறுத்திவிட்டு, ரெஜிஸ்ட்ரியில் பயனர் பகுதியின் கீழ் பிரின்டர்ஸ், அதற்குள் கனெக்‌ஷன்ஸ் என்ற கிளைக்குப் போனேன். ஒவ்வொரு நெட்வொர்க் பிரின்டருக்கும் அங்கே ஒரு சாவி இருக்கும். சர்வர் பெயரும் பிரின்டர் பெயரும் பின்சாய்வுக்கோட்டுக்குப் பதில் காற்புள்ளிகளால் கோத்ததுபோல் எழுதப்பட்டிருக்கும், முதலில் பார்த்தால் ஏதோ கெட்டுப்போன பதிவு மாதிரி தெரியும். அந்தச் சாவியை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துவிட்டு நீக்கினேன். ஸ்பூலரை மறுபடி இயக்கியதும் பிளாட்டர் பட்டியலில் இல்லை.

டெம்ப்ளேட் கோப்பையும் திறந்து பார்த்தேன். தாள் அமைப்புகளில் பழைய பிளாட்டரின் பெயர் பதிந்திருந்தது. எல்லாவற்றையும் 'பிரின்டர் ஏதுமில்லை' என்று மாற்றிச் சேமித்தேன். இல்லையென்றால் புதிய வரைபடம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் மென்பொருள் அந்தப் பிளாட்டரைத் தேடிப் போகும்.

அதே நோய்போல் தெரிந்த வேறொன்று

இதைக் கேள்விப்பட்டு அதே அலுவலகத்தில் இன்னொருவர், "எனக்கும் இதேதான் சார், அதே மாதிரி பண்ணிக் கொடுங்க" என்றார். போய்ப் பார்த்தால் திரையில் அதே காட்சி, அதே வெளுத்த சாளரம். ஆனால் டாஸ்க் மேனேஜரில் 0 இல்லை. 16 லாஜிக்கல் பிராசஸர் உள்ள மேசைக்கணினி, காட்டியது 6 சதவீதம். ஒரு கோர் முழுதாக ஓடிக்கொண்டிருக்கிறது. லேன் கேபிளைப் பிடுங்கினாலும் மாற்றமில்லை. இது காத்திருக்கவில்லை, எதையோ போட்டு அரைத்துக்கொண்டிருக்கிறது. முந்தைய மருந்து இங்கே வேலைக்காகாது.

இங்கே பிராசஸ் மானிட்டரில் டியூரேஷன் ஃபில்டர் தேவையே இல்லை. வெறுமனே ஓடவிட்டதுமே திரை முழுக்க ஒரே ரக வரி: பயனரின் டெம்ப் கோப்புறையில் ஒரு கோப்பை உருவாக்க முயற்சி, முடிவு 'நேம் கொலிஷன்'. அடுத்த வரி, கோப்பின் பெயரில் எண் மட்டும் ஒன்று கூடி, மறுபடி 'நேம் கொலிஷன்'. மறுபடி ஒன்று கூடி, மறுபடி அதே. கீழே உருட்டிக்கொண்டே போகலாம்.

விண்டோஸில் தற்காலிகக் கோப்புக்குப் பெயர் வைக்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது. மென்பொருள் கொடுக்கும் மூன்று எழுத்து முன்னொட்டு, அதன்பின் பதினாறடிமான எண்ணாக நான்கு இலக்கம் வரை. நான்கு இலக்கத்தில் அதிகபட்சம் 65,535 பெயர்கள்தான் கிடைக்கும். எடுக்கும் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் எண்ணை ஒன்று கூட்டிப் பார்க்கும், அதுவும் இருந்தால் இன்னொன்று. கோப்புறை காலியாக இருக்கும்வரை முதல் முயற்சியிலேயே பெயர் கிடைத்துவிடும். அது நிரம்ப நிரம்ப ஒவ்வொரு பெயருக்கும் ஆயிரக்கணக்கான முயற்சி ஆகும். தொடங்கும்போது மென்பொருளுக்கு நிறையத் தற்காலிகக் கோப்புகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இந்தத் தேடல் முதலிலிருந்து நடக்கும். ஒவ்வொரு முயற்சியிலும் ஆன்டிவைரஸும் எட்டிப் பார்க்கும்.

டெம்ப் கோப்புறையை எக்ஸ்ப்ளோரரில் திறக்க முயன்றால் எக்ஸ்ப்ளோரரும் திணறியது. கட்டளைச் சாளரத்தில் எண்ணிப் பார்த்ததில் அறுபதாயிரத்துக்கு மேல், ஏறக்குறைய எல்லாமே ஒரே முன்னொட்டு. ரெண்டர் செருகுநிரல் ஒன்று முன்னோட்டப் படங்களுக்காக உருவாக்கியவற்றை நீக்காமலே விட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

அழிப்பதற்கு முன் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சில வரைபட மென்பொருள்கள் ஆட்டோசேவ் கோப்புகளை டெம்ப் கோப்புறையில்தான் வைக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அழித்தால் நேற்று மின்சாரம் போனபோது சேமிக்காமல் விட்ட வரைபடத்தின் ஒரே பிரதியும் போய்விடும். ஆட்டோசேவ் கோப்புகளை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, அந்த முன்னொட்டுள்ள கோப்புகளை மட்டும் கட்டளைச் சாளரத்திலிருந்தே அழித்தேன். மென்பொருள் உடனே திறந்தது. செருகுநிரலின் புதிய பதிப்பைப் போட்டு, ஆட்டோசேவ் இடத்தையும் டெம்ப்பிலிருந்து வெளியே மாற்றி வைத்தேன்.

கிராபிக்ஸ் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று தோன்றலாம். இரண்டு இடத்திலும் அது காரணம் இல்லை, அவ்வளவுதான். இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள மடிக்கணினிகளில் அது காரணமாவது உண்டு. அப்போது விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய், இந்த மென்பொருளுக்கு மட்டும் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' சிப்பைக் கொடுத்துப் பார்க்கலாம். அல்லது மென்பொருளின் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்துப் பார்க்கலாம். நெட்வொர்க் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள், லைசென்ஸ் சர்வரின் பெயர் எங்கே பதிந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஃபிளெக்ஸ்நெட் வகை லைசென்ஸ் மேலாளர் தனியாக எதுவும் சொல்லாதபோது 27000 முதல் 27009 வரையிலான போர்ட்டுகளில் ஒன்றில் காத்திருக்கும். ஃபயர்வால் அதை மறித்தாலும் தொடக்கத் திரையில் இதே நிறுத்தம்தான்.

அலுவலகத்தின் மற்ற கணினிகளிலும் பழைய பாதைகளையும் பழைய பிளாட்டரையும் நீக்கியாகிவிட்டது. டிஎன்எஸ்ஸில் பழைய சர்வரின் பெயரை எடுக்கச் சொல்லி, அதுவும் ஆயிற்று. பழைய பெயரையே புதிய சர்வருக்கு இன்னொரு பெயராக வைத்துவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. கோப்புப் பகிர்வுகளின் பெயர்களும் மாறியிருந்ததால் அது பாதிப் பாதைகளுக்குத்தான் உதவும், அதனால் விட்டுவிட்டோம். வரைபடங்களுக்குள் இணைத்திருக்கும் எக்ஸ்ரெஃப் கோப்புகளின் பாதைகள் மட்டும் பாக்கி. நடப்பில் உள்ள திட்டங்களுக்கு அவற்றைச் சார்புப் பாதையாக (வரைபடம் இருக்கும் இடத்தை வைத்துச் சொல்லும் பாதை) மாற்றிக்கொண்டு வருகிறோம். முடிந்துபோன திட்டங்களை, யாராவது திறந்துவிட்டு மெதுவாக இருக்கிறது என்று சொல்லும்போது பார்த்துக்கொள்ளலாம்.